ஆடி மாசத்து மாலை

ஜன்னலோரம் வேண்டாங்க்கா, நீங்களே உக்காருங்க. எனக்குப் பஸ்ல வாந்தியெல்லாம் வராது. மூணு மாசம் முடியப் போவுது, ஒரு நாள் கூட எடுக்கலீங்க. எங்கத்தை, அதான் எங்கூட்டுக்காரரோட அம்மா, காலைல எந்திரிச்சதும் "வந்துச்சா அம்மணி, வந்துச்சா?"ன்னு கேக்கும். வரலீங்கத்தைன்னா மொகம் சுருங்கிப் போயிரும். நான் வாந்தி எடுத்தாத்தான் அதுக்கு வகுறு நெறையும். அஞ்சு வருசமாக் காத்துட்டிருந்த பொம்பளை இல்லீங்களா.

ஆமாங்க, கல்யாணமாகி அஞ்சு வருசம். இதுதான் மொதக் கொழந்தை.

பெரியாஸ்பத்திரிக்குத்தானுங்க போறேன். தனியாத்தான். அத்தை வரேன்னு சேலையெல்லாம் மாத்திட்டு நின்னுச்சு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். ஆஸ்பத்திரி சிஸ்டரே போன்ல சொல்லிருச்சுங்க. "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க. அவரு ஊர்ல இல்லைன்னா நீங்க மட்டும் வாங்க. மாமியாரக் கூட்டிட்டு வராதீங்க"ன்னு. போன தடவை எங்கத்தை அங்க வந்து கொஞ்சப் பேச்சா பேசுச்சு? வரிசைல நிக்கமாட்டேன்னுச்சு. ரத்தம் எடுக்கற புள்ளகிட்ட "பையனா பொண்ணான்னு பாத்துச் சொல்லிரு கண்ணு"ன்னுச்சு. அந்தப் புள்ள சிரிச்சுருச்சு. அதான் சிஸ்டர் உசாராயிருச்சு. எனக்கும் நல்லதாப் போச்சுங்க, நிம்மதியா ஒரு நாள் வெளிய வந்தேன்.

எதுக்கு வரச் சொன்னாங்கன்னா, ரத்தம் ஒருக்கா எடுத்தது பத்தலையாம். இன்னொருக்கா எடுக்கோணுமாம். எனக்கு ரத்தம் கம்மிங்க, சின்னதுல இருந்தே அப்படித்தான். அதத்தான் சொல்லுவாங்க. ஆனா அந்த சிஸ்டர் இருக்குதே, தங்கமான பொம்பளைங்க. அதுவே நாலஞ்சு தடவை போன் பண்ணிருச்சு. "சுகந்தி, தள்ளிப் போடாத கண்ணு. சீக்கிரம் வந்தீன்னா கொழந்தைக்கு நல்லது"ன்னு அவ்வளவு தன்மையாப் பேசுது. கவர்மென்ட் ஆஸ்பத்திரில கத்துவாங்க, ஏசுவாங்கன்னு சொல்லுவாங்கல்ல, அதெல்லாம் சும்மா. கடைசில எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒவ்வொருக்காவும் "வரேன் சிஸ்டர், வரேன் சிஸ்டர்"னுட்டு போகாமயே இருந்தேன். ஏன்னு கேளுங்க. போயிட்டா அப்பறம் அது போன் பண்ணாதில்லீங்க.

சிரிக்காதீங்க்கா. நெசமாத்தான் சொல்றேன். எனக்குப் போன் பண்றதுக்கு வேற யாரு இருக்கறா?

எங்கூட்டுக்காரரு போர் வண்டில இருக்காருங்க. ரிக் வண்டின்னு சொல்லுவாங்கல்ல, தண்ணிக்குப் பூமியத் தொளைக்கறது. எங்க பக்கம் ஊட்டுக்கு ஒருத்தர் அந்த வேலைதான். இங்கல்லாம் எங்க இனித் தொளைக்கறது? சத்தீஸ்கர், ஒடிசான்னு போயிருவாங்க. ஆயுத பூசைக்கு வண்டிக்குப் பொட்டு வெச்சுக் கெளம்பினாங்கன்னா, அங்க மழை புடிக்கறப்பத்தான் திரும்பி வருவாங்க. ஆனி கடைசில வந்தா ஆடி, ஆவணி, புரட்டாசி. அவ்வளவுதான் எங்களுக்குக் குடும்பம். அஞ்சு வருசக் கல்யாணம்னு சொல்றனே, சேத்துப் பாத்தா ஒண்ணேகால் வருசம் கூட ஒட்டுக்கா இருந்திருக்க மாட்டோம்.

ஊடு நல்லாக் கட்டிருக்கோமுங்க. டைல்ஸ் போட்டு, மேல ரெண்டு ரூம் எடுத்து. யாரு படுக்கறது அங்க? அத்தை ஏழு மணிக்கு சீரியலப் போட்டு உக்காந்துச்சுன்னா அப்படியே தூங்கிரும். அதுக்கப்பறம் நான் யாருகூடப் பேசறது? லோன் வேணுமா மேடம்னு ஒரு புள்ள போன் பண்ணும் பாருங்க, எல்லாரும் திட்டி வெச்சிருவாங்கல்ல, நான் வெக்க மாட்டேன். "எந்த ஊரு கண்ணு நீயி? சாப்டியா? கல்யாணம் ஆயிருச்சா?"ன்னு கேப்பேன். மதுரைப் பக்கத்துப் புள்ள ஒண்ணு. ரெண்டு மூணு தடவை நல்லாப் பேசுச்சு. அப்பறம் அதுவே "அக்கா, லோன் வேண்டாம்னா சொல்லிருங்க்கா, எங்க மேனேஜர் கேக்கறாரு"ன்னு சொல்லிருச்சு. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. லோன் புள்ளைக்குக் கூட நான் வேண்டாதவளாயிட்டேன்.

அவரு போன் பண்ணுவாருங்க, பண்ணாமயெல்லாம் இல்ல. ஆனா ஒரு வண்டிக்கு எட்டு ஒம்பது பேரு. எல்லாரும் ஒரே எடத்துலதான் திங்கறது, தூங்கறது. பக்கத்துல பத்துக் காது இருக்கறப்ப பொண்டாட்டிகிட்ட என்னத்தப் பேசுவாரு? "சாப்டியா? அம்மா சாப்டுச்சா? செரி, வெக்கறேன்." அவ்வளவுதான். நானும் "சாப்டீங்களா, உடம்பப் பாத்துக்குங்க"ம்பேன். கொஞ்ச நாள்ல அதுவே பழக்கமாயிருச்சு. ஊருக்கு வந்து எதுத்தாப்ல உக்காந்துட்டிருக்கறப்பவும் "சாப்டியா"தான். எங்களுக்குப் பேசிப் பழக்கமே இல்லீங்க்கா, அதான் நெசம்.

ஒரே ஒருக்கா மனசு உட்டுப் பேசினாரு. போன வருசத்துக்கு முந்தின தீவாளிங்க. சத்தீஸ்கர்ல ஏதோ ஒரு காட்டுக்குள்ள வண்டி நின்னுட்டிருந்துச்சு. பொழுது சாயற நேரத்துக்குப் போன் வந்துச்சு. சத்தமே இல்ல. "என்னங்க, ஒருத்தர் சத்தமும் கேக்கலை?"ன்னேன். "எல்லாரும் டவுனுக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் வண்டியோட இருக்கறேன். எனக்கு என்னமோ ஒரு மாதிரி இருக்குது சுகந்தி"ன்னாரு. குரலே செரியில்ல. எனக்கு மனசு கேக்கலீங்க. நல்ல நாளும் அதுவுமா ஒரு மனுசன் காட்டுக்குள்ள ஒத்தையா உக்காந்திருக்கறதா? "நீங்க மட்டும் ஏன் உக்காந்திருக்கறீங்க? நீங்களும் அவுங்ககூட ஒட்டுக்காப் போயிட்டு வாங்க. போய் நாலு பேரோட சந்தோசமா இருங்க"ன்னு நாந்தான் சொன்னேன். "போகட்டுமா?"ன்னாரு. பாருங்க, எம்பேச்சக் கேக்காம அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. "போயிட்டு வாங்க, நான் சொல்றனில்ல"ன்னேன். அதுக்கப்பறம் அவரு ஒத்தையா இருக்கறேன்னு ஒருநாளும் அழுகலீங்க.

அவரு கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லாதவருங்க. அதயும் சொல்லிரோணும். அந்த வண்டில மாதேசுன்னு ஒரு பையன் டிரில்லரா இருந்தான். கல்யாணம் ஆகாதவன். ஊருக்கு வந்து எளச்சு எளச்சு, கடைசில ஒண்ணுமில்லாமப் போய்ச் சேந்துட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டேன்னுட்டானாம். ஊர்ல மஞ்சக்காமாலைன்னு சொன்னாங்க. அப்பறம் பொம்பளைங்க ரகசியமா... காதக் குடுங்க. எய்ட்ஸுங்க. ஆமா. கண்ட எடத்துக்குப் போறவனுக்கு வரத்தானுங்க செய்யும். இழுத்துட்டுக் கெடக்கறான்னு கேட்டதுமே எங்கூட்டுக்காரரு அங்கிருந்து ரயிலேறுனாரு, எழவுக்குத்தான் வந்து சேர முடிஞ்சுச்சு. வந்து மாதேசு மொகத்தப் பாத்துட்டு நின்னாரு பாருங்க, அப்படியே நின்னாரு. தோளத் தொட்டுக் கூப்புட்டாலும் அசையல. கூட வேலை செஞ்ச பையனில்லீங்களா, பாசம். அன்னைக்கே கெளம்பித் திரும்பிப் போயிட்டாரு. எங்கூட ஒரு வேளை சோறு திங்கக் கூட நிக்கலை.

போயி ஒரு மாசத்துல அவருக்கே காய்ச்சல். உட்டு உட்டு வந்துச்சாம். அங்கயே ஆஸ்பத்திரில சேத்து, ரத்தமெல்லாம் எடுத்துப் பாத்துருக்காங்க. நான் கேட்டதுக்கு "ஒண்ணுமில்ல, சாதாரணக் காய்ச்சல்தான்"னாரு. அதுக்கப்பறந்தாங்க மனுசன் மாறிட்டாரு.

இந்த வருசம் ஆனி கடைசில வந்தாரா. நான் மருதாணி வெச்சு, புதுப் போர்வை விரிச்சு, அவருக்குப் புடிச்ச பச்சப்பயறு கடைஞ்சு வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். வாசல்ல ஆட்டோ நிக்குது. எறங்கறாரு. கருப்பு வேட்டி. கழுத்துல மாலை.

ஐயப்பன் மாலைங்க! ஆனி மாசத்துல! நானும் கார்த்திகைல மாலை போட்டவங்களப் பாத்துருக்கேன், மார்கழில பாத்துருக்கேன். ஆடி வெயில்ல செருப்பில்லாம நடந்தவரு இவரு ஒருத்தருதான். கேட்டா ஆவணி மொதத் தேதி நடை தொறப்பாங்களாம், அதுக்கு வேண்டுதலாம். ஒம்பது மாசம் கழிச்சு ஊட்டுல தங்க வந்த புருசன் என்னயப் பாத்து மொத மொதச் சொன்ன வார்த்தை என்ன தெரியுங்களா? "சாமி, கொஞ்சம் தண்ணி குடுங்க."

நான் சாமியாம்! கையில மருதாணியோட நிக்கறேன், நான் சாமி.

ஆடிக்குப் புதுசாக் கட்டுனவங்களத்தான் பிரிச்சு வெப்பாங்க. அஞ்சு வருசமானவளுக்கு எதுக்குங்க? அவரு கூடத்துல பாய் போட்டுப் படுத்துக்குவாரு. நான் உள்ள. நடுவுல ஒரு கதவு. சாமி காரியம்னு எங்கத்தைக்குப் பெருமை. "எம்மவனுக்குப் பக்தி வந்துருச்சு"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சுச்சு. நானும் பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். விடிய முந்தி எந்திரிச்சுத் தண்ணி வாத்துட்டு, வெங்காயம் பூண்டு இல்லாம ஆக்கிப் போட்டேன். நம்மாள எதுவும் தப்பாயிரக் கூடாதில்லீங்க. கொழந்தைக்குத்தான் வேண்டிட்டிருக்காருன்னு நானே நெனச்சுட்டேன்.

மலைக்குப் போயிட்டு வந்தாரு. மாலையக் கழட்டுனாரு. செரி, இனி நம்மூட்டு ஆளுன்னு பாத்தா, மொட்டை மாடிக்குப் போயிட்டாரு. வேக்காடா இருக்குதாம். மேல மழை தூறுதுங்க, வேக்காடாம். அதுக்கப்பறம் வண்டி பட்டறைல நிக்குது, காவலுக்குப் போறேன்னாரு. பட்டறைக்காரரு பொண்டாட்டி எனக்குப் பழக்கம். "காவலுக்கு நாயே இருக்குதே, உங்கூட்டுக்காரரு எதுக்கு?"ன்னு எங்கிட்டயே கேக்குது. என் நெலமையப் பாருங்க.

அந்த ஆவணிலதான் எங்க நாத்தனா மகளுக்குத் தெரட்டிச் சீர் வந்துச்சு. பொண்ணு பெரிய மனுசி ஆனதுக்குச் செய்யற சீருங்க. தாய்மாமன் பொண்டாட்டி நான். முன்னாடி தட்டமெடுத்து நடக்க வேண்டியவ நான். பட்டுச்சேலை கட்டி, தலை நெறையப் பூ வெச்சுட்டுப் போயி நிக்கறேன், எங்க நாத்தனா எங்கையில இருந்து தட்டத்த வாங்கி, பக்கத்தூட்டு அக்காகிட்டக் குடுத்துச்சு. "அவ ரெண்டு பெத்தவ, அவ எடுக்கட்டும்"னுச்சு. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. எங்கூட்டுக்காரரு பாத்துட்டு நின்னாரு. அந்தக் கூட்டத்துல, அவ்வளவு ஒறம்பரை சனத்துக்கு நடுவுல நான் ஒத்தையா நின்னேன் பாருங்க, அப்படி நான் எங்கூட்ல கூட நின்னதில்ல.

அப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்த வருசம் அவர சும்மா உடறதில்லைன்னு.

ஒரு நாள் மத்தியானம் அத்தை நாத்தனா ஊட்டுக்குப் போயிருந்துச்சு. நல்ல மழை. அவரு பட்டறைல இருந்து சோத்துக்கு வந்தவரு நனைஞ்சுட்டாரு. நான் துண்டெடுத்துத் துவட்டி உட்டேன். தொட்டு எத்தன நாளாச்சு! அவருக்கும் கண்ணு கலங்கிருச்சுங்க. என் கையப் புடிச்சுட்டாரு. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். அப்பத்தான் சட்டைப்பையில இருந்து அதை எடுத்தாரு.

அதாங்க. செவுத்துல எல்லாம் எழுதிருப்பாங்களே. டிவில வந்தா நாம எந்திரிச்சு உள்ள போயிருவமே. அது.

எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. "இது எதுக்குங்க?"ன்னேன். தலையக் குனிஞ்சுட்டு "இனிமே இப்படித்தான் சுகந்தி"ங்கறாரு. "ஏன்?"ன்னேன். "உன் நல்லதுக்குத்தான்"ங்கறாரு. "எனக்கென்னங்க நல்லது? ஊரே என்னய மலடின்னு தட்டத்தப் புடுங்குது, நீங்க பாத்துட்டுத்தான நின்னீங்க? நான் என்ன, ரோட்டோரம் நிக்கறவளா? கட்டுன பொண்டாட்டிகிட்ட இதையெடுத்து நீட்டறீங்க? ஒம்பது மாசம் உங்களுக்காக இந்தூட்டுக்குள்ள காத்துக் கெடக்கறவள நம்பலையா நீங்க?"ன்னு கேட்டேன். "உன்ன நம்பாம இல்ல"ன்னாரு. "அப்பறம் யார நம்பலை?"ன்னேன்.

செவுத்தப் பாத்துட்டு நின்னாரு.

ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் அந்த மாதேசு மொகம் எனக்கு ஞாபகம் வந்துச்சுங்க. வந்துச்சு, போயிருச்சு. நெனைக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குதில்லீங்களா? கட்டுனவரப் போய் அப்படி நெனச்சா நானெல்லாம் ஒரு பொம்பளையா? அந்தப் பொட்டணத்த வாங்கித் தண்ணி காய வெக்கற அடுப்புல போட்டேன். ரப்பர் கருகுன நாத்தம் ஊடெல்லாம். அத்தை வந்து கேக்குமேன்னு ஊதுபத்தி ஏத்தி வெச்சேன்.

அப்பத்தான் அவரு "சுகந்தி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்"னாரு. நான் காதப் பொத்திட்டேன். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க எதாச்சு சொன்னீங்கன்னா நான் அப்படியே போய்க் கெணத்துல உழுந்துருவேன்"னேன். அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஊடு கட்டுன கடன் இருக்குது, கொழந்தை அடுத்த வருசம் பெத்துக்கலாம்பாரு. வேற என்னங்க சொல்லப் போறாரு? வேற என்ன இருக்குது சொல்றதுக்கு?

என்னங்க்கா, ஜன்னலுக்கு வெளிய திரும்பிட்டீங்க? செரி, கேளுங்க.

மறுநாள் அத்தைகிட்டப் போட்டு உட்டுட்டேன். "உங்க மவனுக்குக் கொழந்தை வேண்டாமாம். என்னன்னு நீங்களே கேட்டுக்குங்க"ன்னேன். வேறெதும் சொல்லலை, அந்தப் பொட்டணத்தப் பத்தியெல்லாம் மாமியார்கிட்டச் சொல்ல முடியுங்களா? அது ஒண்ணே போதுமே. அத்தை சோறு தண்ணி இல்லாமப் படுத்துக்குச்சு. நாத்தனா வந்துருச்சு. அவரக் கூடத்துல நடுவுல உக்கார வெச்சு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி. "குடும்பம் தழைக்க வேண்டாமாடா?"ங்குது அத்தை. நாத்தனா இருக்குதே, அது "நீ ஆம்பளைதானாடா?"ன்னு கேட்டுருச்சுங்க. நானே திடுக்குன்னு ஆயிட்டேன்.

அவரு தரையப் பாத்துட்டே உக்காந்திருந்தாரு. அப்பறம் அழுதாரு. சத்தமில்லாம. மீசையெல்லாம் நனைஞ்சு போச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் எறங்கிப் போகலீங்க. எறங்கிருந்தா இன்னொரு வருசம் போயிருக்கும். இன்னொரு ஒம்பது மாசம், அந்த ஊடு, அந்த சீரியலு, அந்த லோன் புள்ள. என்னால முடியாதுங்க்கா. வேற என்ன வந்தாலும் பரவால்ல, அது மட்டும் முடியாது.

பொழுது சாஞ்சதும் அவரே உள்ள வந்து கதவச் சாத்துனாரு. கையில ஒண்ணும் இல்ல. "உனக்குச் சம்மதந்தானா?"ன்னு கேட்டாரு. இதென்ன கேள்விங்க? நான் அவரு மேல சாஞ்சுட்டேன்.

நான் ஜெயிச்சுட்டேனுங்க. அந்தப் புரட்டாசி மாதிரி ஒரு மாசம் என் வாழ்க்கைல வந்ததே இல்ல. என்னய விட்டு நகரவே மாட்டாரு. நான் பாத்திரம் கழுவுனா பக்கத்துல வந்து நிப்பாரு. என் கைய எடுத்து வெச்சுட்டுப் பாத்துட்டே இருப்பாரு. தூங்கறப்ப என் தலையத் தடவிட்டே "என்னய மன்னிச்சுரு"ம்பாரு. அந்த மாலை போட்டுட்டு என்னயத் தவிக்க உட்டதுக்குத்தான். "மன்னிச்சாச்சு போங்க"ன்னு சிரிப்பேன். புருசன் இப்படி இருப்பாருன்னு எனக்கு அஞ்சு வருசமாத் தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு.

ஆயுத பூசை முடிஞ்சு வண்டியேறிட்டாரு. நாள் தள்ளிப் போச்சு. நர்சம்மா வந்து பாத்துட்டுச் சொல்லிருச்சு. அத்தை தெருவுக்கே சக்கரை குடுத்துச்சு. நாத்தனா வந்து கட்டிப் புடிச்சுட்டு அழுகுது. நான் ஓடிப் போய் அவருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, நீங்க அப்பனாகப் போறீங்க"ன்னேன்.

மிசின் ஓடற சத்தந்தான் கேக்குது. அப்பறம் கேட்டாரு, "ரத்தம் எடுத்துட்டாங்களா?"

கேளுங்க்கா இந்த அநியாயத்த. அஞ்சு வருசம் கழிச்சு ஒருத்தி சொல்றா. ஒரு ஆம்பளை மொத வார்த்தையாக் கேக்கறது இதுவா? சந்தோசமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் அன்னைக்குப் பூராச் சாப்புடலை. அதுக்கப்பறம் தெனமும் போன் பண்ணுவாரு. "சாப்டியா"ங்கறது கூடப் போச்சு. "ரத்தத்துல என்ன சொன்னாங்க? ரத்தத்துல என்ன சொன்னாங்க?" கோவத்துல நான் போன எடுக்கறதே இல்லைன்னுட்டேன். எனக்குந்தான் ரோசம் இருக்குதில்ல?

முந்தாநேத்து மனசு கேக்காம எடுத்தேன். "இன்னொருக்கா ரத்தம் எடுக்கோணும்னு புதன்கெழமை வரச் சொல்லிருக்காங்க. உங்களயும் கூட்டிட்டு வரோணுமாம். நீங்க அங்கிருந்து எங்க வர்றது, நானே போயிக்கறேன்"னேன். "எந்த ஆஸ்பத்திரி?"ன்னாரு. சொன்னேன். டக்குனு வெச்சுட்டாரு. அதுக்கப்பறம் போட்டா ஸ்விட்ச் ஆப். நேத்தும் ஆப், இன்னைக்கும் ஆப். கோவமா இருக்கும். செரி, கொழந்தை மொகத்தப் பாத்தா எல்லாம் செரியாயிரும். எனக்கு இனி அவரு கோவத்தப் பத்தி என்ன கவலைங்க? என் வகுத்துக்குள்ள ஒரு ஆளு இருக்குது. ஊட்ல தனியா இருக்கறேன்னு இனி நான் சொல்ல முடியாதில்ல? பாத்திரம் கழுவறப்ப அதுகூடப் பேசிட்டேதான் கழுவறேன்.

என்னங்க்கா, எங்கையப் புடிச்சுட்டீங்க? உங்க கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்குது? எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லீங்க, காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்ல, நல்லாத்தான் இருக்கறேன். மாத்திரை குடுத்தா கண்டிப்பா முழுங்கோணுமா? முழுங்குவேனுங்க. ஒரு நாள் உடாமலா? செரி, உடாம முழுங்கறேன். கொழந்தைக்கு நல்லதுன்னா எத்தன மாத்திரை வேணாலும் முழுங்குவேன். நீங்களும் சிஸ்டர் மாதிரியே பேசறீங்க.

இதா, வந்துருச்சு. கண்டக்டரு, ஆஸ்பத்திரி எறக்கம் ஒண்ணு!

அக்கா... அக்கா, அங்க பாருங்க. ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட. நீலச் சட்டை. தோள்ல பேக்கு. எங்கூட்டுக்காரருங்க! சத்தீஸ்கர்ல இருந்து வந்துட்டாருங்க! நான் சொல்லலை? எம்பேச்சக் கேக்காம அவரு ஒண்ணும் பண்ண மாட்டாருன்னு? கோவமாவது ஒண்ணாவது. ரெண்டு நாளு ரயில்ல உக்காந்து வந்திருக்காரு மனுசன். எனக்காக. எப்படி எளச்சுட்டாரு பாருங்க, சட்டை தொளதொளன்னு கெடக்குது. எனக்கு முன்னாடியே வந்து நிக்கறாரு.

பஸ்ஸப் பாத்துட்டாரு. என்னயப் பாத்துட்டாரு. ஏனுங்க! இங்க, இங்க!

அழுகறாருங்க்கா. நடு ரோட்டுல, அத்தன பேரு போறாங்க வாராங்க, மொகத்தப் பொத்திட்டு அழுகறாரு. கொழந்தைன்னா ஆம்பளைக்கும் அழுகை வருமில்லீங்க? சந்தோசத்துல வருமில்ல?

சந்தோசத்துல அழுகறவங்க மொகத்தப் பொத்திக்குவாங்களாங்க்கா?

உடுங்க, கைய உடுங்க. நான் எறங்கறேன். அவரு அங்க தனியா நிக்கறாரு.